பத்துக்கு எத்தனை மார்க்? வடநாட்டுத் தொழிலாளிகளைப் பற்றி வடசென்னைத் தெருவில் பேசுவது எப்படி

“இன்னா தம்பி, அவனுங்களுக்கு வக்காலத்து வாங்க வந்துகினியா?”

கதவு திறந்த மூன்று நிமிடத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிட்டால் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொள்ளலாம். எதிரில் இருப்பவர் எதையும் மறைக்கவில்லை. “எல்லாரும் மனுசங்கதானேப்பா” என்று சொல்லி, தண்ணி கொடுத்து, சிரித்து அனுப்பிவிடும் வீடுதான் கஷ்டம். அங்கே பேச்சு ஆரம்பிக்கவே இல்லை.

மணலி, எண்ணூர், திருவொற்றியூர், மாதவரம், தண்டையார்பேட்டை என்று குடோனும் கன்டெய்னர் யார்டும் கட்டுமானமும் உள்ள இடமெல்லாம் பீகார், ஒடிசா, வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் தெருவுக்கு ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது. அவர்களில் ஒருவரின் பெயராவது தெரிந்தவரைத் தேடினால் தெருவுக்கு ஒருவர் கிடைப்பதே அபூர்வம். இந்த இடைவெளியில்தான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. பேருரையோ பேனரோ இதற்கு உதவாது. வாசல்படியில் இருபது நிமிடம் உட்கார்ந்து பேசத் தெரிந்தால் போதும். அதைச் செய்யும் முறையும் கெடுத்துக்கொள்ளும் வழிகளும் இங்கே.

முதலில் இரண்டு தப்புக் கணக்குகளைத் தள்ளிவிடுவோம். பக்கத்திலேயே இருந்தால் தானாகப் பழகிவிடும் என்பது ஒன்று. பாஸ்டன் பக்கத்தில் ரையன் ஈனோஸ் என்ற ஆய்வாளர், வெள்ளையர்கள் அதிகம் உள்ள புறநகர் ரயில் நிலையங்களில் ஸ்பானிய மொழி பேசும் சிலரை நாள் தவறாமல் வந்து நிற்க வைத்தார். அவர்கள் யாரையும் சீண்டவில்லை, வந்து நின்று ரயில் ஏறினார்கள், அவ்வளவுதான். 2014-ல் வெளியான முடிவு: குடியேறிகளுக்கு எதிரான எண்ணம் அந்தப் பயணிகளிடம் கூடியிருந்தது. கும்மிடிப்பூண்டி லோக்கலில் காலையில் ஏறுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முகம் தெரியும், மொழி காதில் விழும், பேச்சு மட்டும் கிடையாது. எரிச்சல் வளர இது போதும்.

இரண்டாவது, “அவன் இடத்துல உன்னை வெச்சுப் பாரு” என்ற அறிவுரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வாசலில் சொல்லிப் பாருங்கள், வரும் பதில் இது: “நானா இருந்தா பொண்டாட்டி புள்ளைய வுட்டுட்டு இவ்ளோ தூரம் வந்திருக்கவே மாட்டேன்.” ஆள் கற்பனை செய்யத்தான் செய்தார். ஆனால் அந்த இடத்தில் வைத்துப் பார்த்தது தன்னுடைய வீட்டையும் வேலையையும் ஊரையும்தான். கற்பனை முடிந்த இடத்தில் தீர்ப்பு இன்னும் கெட்டியாகிவிட்டது. ஈயல், ஸ்டெஃபெல், எப்லி மூவரும் 2018-ல் 25 பரிசோதனைகளைச் சேர்த்து வெளியிட்டதும் இதைத்தான் காட்டுகிறது. அடுத்தவர் இடத்தில் இருந்து யோசிப்பதால் அவர் மனதைச் சரியாகக் கணிக்க முடிவதில்லை. அவரிடமே கேட்டால்தான் கணிப்பு தேறுகிறது.

அதனால் கேட்பதில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். அதுவும் தெருக்காரரிடம் போவதற்கு முன்பே, தொழிலாளியிடம்.

கதை சேகரிக்கப் போகும்போது கான்ட்ராக்டரின் ஆள் பக்கத்தில் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். “சப் டீக் ஹை” (எல்லாம் நல்லாத்தான் இருக்கு) என்பதற்கு மேல் ஒரு சொல் கிடைக்காது. மொழிபெயர்க்க மளிகைக் கடை முதலாளியையோ வீட்டு ஓனரையோ கூப்பிட்டாலும் அதே கதிதான். பாக்கி வைத்திருக்கும் கடைக்காரர் முன்னால் யார் மனம் விட்டுப் பேசுவார்? ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் வீட்டில் உருது பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு பெரியம்மாவோ கல்லூரிப் பெண்ணோ கூட வந்தால் இந்தி பேசுகிறவர்களிடம் வேலை நடக்கும். எல்லோருக்கும் இந்தி தாய்மொழி என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். போஜ்புரி, மைதிலி, ஒடியா, வங்காளம், சந்தாலி பேசுகிறவர்களில் சிலர் நம்மைப் போலவே இந்தியைத் தட்டுத் தடுமாறிப் பேசுகிறவர்கள். தெருவில் இதைச் சொன்னாலே பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள். போனில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலி வழி கேட்கவும் விலை பேசவும் போதும், வாழ்க்கையைக் கேட்கப் போதாது.

கஷ்டத்தைக் கேட்காதீர்கள். “ஊர்ல ரொம்ப கஷ்டமா?” என்றால் ஒன்று கூச்சப்படுவார், இல்லை நீங்கள் ஏதோ உதவித்தொகை தர வந்தவர் என்று நினைத்துக்கொள்வார். “ரயில்ல வரும்போது பையில சாப்பிட என்ன கொண்டு வந்தீங்க?” என்று கேளுங்கள். பீகாரி என்றால் பெரும்பாலும் சத்து என்பார். வறுத்த கொண்டைக்கடலையை அரைத்த மாவு. தண்ணீர், உப்பு, நறுக்கின வெங்காயம், பச்சைமிளகாய் போட்டுப் பிசைந்தால் ஒரு வேளைச் சாப்பாடு. அடுப்பு வேண்டாம், கெட்டுப்போகாது, ஒரு நாளுக்கு மேல் ஓடும் ரயிலில் அன்ரிசர்வ்ட் பெட்டியின் கக்கூஸ் ஓரத்தில் நின்றுகொண்டேகூட சாப்பிடலாம். ஒடிசாக்காரரிடம் கேட்டால் பக்காளா வரும், நம் பழைய சோறேதான். தொட்டுக்கொள்ள சுக்குவா, அதாவது கருவாடு. காசிமேட்டில் கருவாட்டுக் கூடை வைத்திருக்கும் ஆயாவிடம் இதைச் சொன்னபின் அவர் முதலில் கேட்பது, “இன்னா மீனு?” என்பதாக இருக்கும். அந்த ஒரு கேள்வி பத்து வாதத்துக்குச் சமம். அவர் இப்போது தீர்ப்பை விட்டுவிட்டு விவரம் கேட்கிறார்.

கேட்டுக்கொண்டதை அப்படியே கொண்டு போகக்கூடாது. சொன்னவரின் சம்மதத்தை வாங்கி, பெயர், கம்பெனி, தங்கியிருக்கும் இடம் மூன்றையும் எடுத்துவிட்டு, ஒன்றரை நிமிடத்தில் சொல்லும் அளவுக்குச் சுருக்க வேண்டும். ஒரு ஆள், ஒரு சம்பவம், ஒரு பொருள். அழுகை கூடாது, வீரமும் கூடாது. வெள்ளத்தில் பத்துப் பேரைக் காப்பாற்றிய வடநாட்டு இளைஞன் கதை சொன்னால், “இவன் நல்லவன்பா, மத்தவனுங்க அப்டி இல்ல” என்று தனியாக ஒரு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அரையிருட்டில் எழுந்து, பத்துப் பேருக்கு ஒரு கக்கூஸ் என்பதால் வரிசையில் நின்று, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டு முடித்து, மகளுக்குப் போன் போட்டால் அவள் தூங்கிவிட்டாள் என்ற சாதாரண ஆளின் கதைதான் ஒட்டும்.

வீடுகளுக்கு எப்போது போவது? தண்ணி வரும் நேரம் ஆகாது. ஞாயிறு காலை கறி எடுக்கவும் மீன் வாங்கவும் ஊரே வெளியில் இருக்கும், மதியம் தூக்கம். சனி, ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறரை வரை, வெயில் தாழ்ந்து வாசலில் உட்காரும் நேரம் சரி. ஏழு மணிக்கு மேல் சீரியல், அதற்குப் பிறகு கதவைத் தட்டுவது பாவம். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பேசட்டும், மற்றவர் வாயைத் திறக்க வேண்டாம். ஒருவராவது அதே பேட்டைக்காரராக இருக்க வேண்டும். கட்சித் துண்டு, அமைப்பின் பேட்ஜ், துண்டறிக்கை, கேமரா எதுவும் வேண்டாம். ஒரு மாலைக்கு ஐந்து வீடு தாராளம். டீக்கடையில் இந்தப் பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள். அங்கே நாலு பேர் பார்க்கிறார்கள், பேசுகிறவர் உங்களுக்குப் பதில் சொல்லாமல் அந்த நாலு பேருக்கு வசனம் பேசுவார்.

ஆரம்பம் ஒரே ஒரு கேள்வி. “அக்கா, எதிர்க்க ரூம் காலியா கீது. வடநாட்டுப் பசங்களுக்கு வாடகைக்கு வுடலாமா? பத்துக்கு எத்தினி மார்க் போடுவீங்க?” பத்துக்கு ரெண்டு என்பார். சிலர் “மைனஸ்ல இருக்கா?” என்பார்கள். சிரித்துவிட்டு, “ஏன்கா ரெண்டு?” என்று மட்டும் கேட்க வேண்டும். அடுத்த ஐந்து நிமிடம் உங்களுக்குப் பேச உரிமை கிடையாது. பான்பராக் துப்புகிறான், ஒரே ரூமில் பத்துப் பேர், பொம்பளப் புள்ளைங்க நடமாட முடியல, கூலியைக் கெடுத்துட்டான், ஓட்டும் வாங்கிடுவான்: எல்லாம் வரும். தலையாட்டினால் ஒத்துக்கொண்டதாக ஆகும், மறுத்தால் சண்டை. “அப்புறம்கா?” என்பதுதான் இரண்டுக்கும் நடுவில் உள்ள சொல்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். யாராவது தப்பான தகவல் சொன்னதும் திருத்தத் தோன்றும், புள்ளிவிவரம் நாக்கு நுனியில் நிற்கும். அடக்கிக்கொள்ளுங்கள். ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மன் இருவரும் அமெரிக்காவில் ஆவணமில்லாத குடியேறிகளைப் பற்றி வீட்டுக்கு வீடு பேசவைத்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், வாதம் மட்டும் செய்த பேச்சுகளால் ஒரு பலனும் இல்லை. குறை சொல்லாமல் கேட்டு, கதையைப் பரிமாறிக்கொண்ட பேச்சுகளின் பலன் நான்கு மாதம் கழித்தும் மிச்சமிருந்தது. பெரிய அதிசய மாற்றம் எதுவும் இல்லை, சின்ன நகர்வுதான். ஆனால் கரையாமல் நின்றது.

கேட்டு முடித்தபின், “அவங்கள்ல யாரையாவது உங்களுக்கு நேரா தெரியுமாக்கா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் தெரியாது என்பார். தெரிந்தால், ஹோட்டலில் பரோட்டா போடும் பையன், மார்பிள் ஒட்ட வந்தவன் என்று யாராவது வருவார். அவரைப் பற்றியே பேச விடுங்கள். உங்கள் கதையைவிட அது பலமானது. தெரியாது என்றால் கொண்டு வந்த கதையைச் சொல்லலாம்.

அதற்குப் பின், பேச்சு இளகினால் மட்டும், இன்னொன்று. “நம்ம ஏரியா பேரச் சொன்னதும் யாராவது மூஞ்சி மாறினது உண்டாக்கா?” வடசென்னையில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத வீடு கிடையாது. இன்டர்வியூவில் வியாசர்பாடி என்றதும் பேனாவை மூடி வைத்த கதை, தெற்கே வாடகைக்கு வீடு பார்த்தபோது “நீங்க அந்தப் பக்கமா?” என்று இழுத்த கதை, பின்கோடைப் பார்த்து லோன் தள்ளிப்போன கதை, சினிமாவில் நம் தெரு வந்தாலே அரிவாளும் வரும் என்ற கோபம். சில வீடுகளில் இன்னும் ஆழமாகப் போகும். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தபின் கடை கண்ணியை விட்டுக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வியாசர்பாடியில் இருக்கிறார்கள். வந்த புதிதில் அவர்களையும் இந்த ஊர் ‘பர்மாக்காரன்’ என்றுதான் கூப்பிட்டது. இன்று அவர்கள் கொண்டு வந்த அத்தோ நூடுல்ஸ் இல்லாத சாயங்காலம் உண்டா?

ஆனால் ஒரு எச்சரிக்கை. “பாத்தீங்களா, உங்களுக்கு நடந்த மாதிரிதானே அவங்களுக்கும்” என்று முடிச்சுப் போட்டுக் கொடுக்காதீர்கள். கல்லாவும் புரூக்மனும் பிறகு தனித்தனியாகப் பிரித்துச் சோதித்தபோது, தன் அனுபவத்தோடு ஒப்பிடச் சொல்வதால் பெரிய பலன் தெரியவில்லை. அந்த அந்நியரின் அனுபவத்தைக் கேட்டதுதான் மனதை நகர்த்தியது. சொந்தக் கதை கதவைத் திறந்து வைக்கும். உள்ளே வர வேண்டியது மற்றவர் கதை. முடிச்சை அவரே போட்டுக்கொண்டால் சரி, போடாவிட்டாலும் குடி முழுகிப்போய்விடாது.

கடைசியாக மறுபடி மார்க். ரெண்டு மூன்றாகியிருந்தால் நல்ல மாலை. இருபது நிமிடத்தில் ரெண்டு பத்தானால் நம்பாதீர்கள். உங்களைக் கிளப்பிவிடப் பார்க்கிறார்.

இனி குறைகள் விஷயம். எல்லாவற்றையும் வெறுப்பு என்று தள்ளிவிட்டால் நாம்தான் காது கேளாதவர்கள். கூலி நிஜமான பிரச்சினை. லோடு ஏற்றும் வேலையிலும் சென்ட்ரிங் வேலையிலும் ரேட் அடிபட்டவர்கள் நம் தெருவில் இருக்கிறார்கள். அவரிடம் “அவங்களும் பாவம்தானே” என்றால் செருப்புதான் பறக்கும், பறப்பதும் நியாயம். “ரேட்டைப் பேசினது யாருண்ணே, அந்தப் பையனா மேஸ்திரியா?” என்று கேட்கலாம். அதுவும் மடக்குவதற்காகக் கேட்கக்கூடாது. வெளிமாநிலத் தொழிலாளிக்கு, அதே வேலை செய்யும் உள்ளூர் ஆளுக்குக் குறையாத கூலி தர வேண்டும் என்று 1979-லேயே சட்டம் போட்டார்கள். அதைக் கான்ட்ராக்டர்கள் ஒழுங்காக மதித்திருந்தால் நம் ஆளின் ரேட்டும் அடிபட்டிருக்காது. இதை அவர் கேட்டால் சொல்லுங்கள். கேட்காமல் சட்டம் பேச ஆரம்பித்தால் வாசல்படி வகுப்பறையாகிவிடும்.

பத்துப் பேர் ஒரே ரூம் என்பதும் அப்படித்தான். தலைக்கு 1,500 ரூபாய் என்று எட்டுப் பேரிடம் வாங்கினால் மாசம் 12,000. அதே அறையை ஒரு குடும்பத்துக்கு விட்டால் அவ்வளவு வருமா என்று தெருக்காரரே கணக்குப் போடுவார், ஓனர் யார் என்றும் அவருக்குத் தெரியும். எச்சில் துப்புவது, ராத்திரி சத்தம், குப்பை இவற்றுக்குப் பரிவு மருந்து இல்லை. ரூமில் மூத்தவர், ஓனர், பக்கத்து வீட்டார் மூவரையும் ஒரு தடவை உட்கார வைத்தால் பாதி தீரும். மூத்தவரின் போன் நம்பர் பக்கத்து வீட்டில் இருந்தால் இன்னும் கொஞ்சம் தீரும்.

தெருவில் ஏதாவது குற்றம் நடந்து பழி இவர்கள் மேல் வந்த வாரத்தில் கதையோடு போகாதீர்கள். போனால் கேட்டுவிட்டு மட்டும் வாருங்கள். வாட்ஸ்அப் வீடியோ சுற்றினால் “பொய்” என்று சொல்வதைவிட, “கடை போர்டு எந்த மொழி? வண்டி நம்பர் எந்த ஊரு?” என்று சேர்ந்து பார்ப்பது வேலைக்காகும். 2023 மார்ச்சில் இதே கூத்து மறுபக்கத்தில் இருந்து நடந்தது: தமிழ்நாட்டில் பீகாரிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று வேறு இடங்களில் நடந்த சம்பவங்களின் வீடியோக்கள் வடக்கே பரவி, தொழிலாளிகள் பயந்து ஊர் திரும்ப ஆரம்பித்தார்கள், பீகார் அரசு இங்கே ஒரு குழுவையே அனுப்பியது. “நம்மளப் பத்தி அங்க என்ன நம்புனாங்க பாத்தீங்களா?” என்று இதைச் சொன்னால் தெருவுக்கு உடனே புரியும்.

இரண்டு விஷயம் அநேகருக்குத் தெரியாது, தெரிந்தால் கொஞ்ச நேரம் பேச்சு நிற்கும். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோரில் 290-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட விபத்தில் சிக்கிய கோரமண்டல், சென்னைக்கு வந்துகொண்டிருந்த ரயில். 2025 செப்டம்பர் 30-ல் எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து இறந்தவர்கள் அசாம் பக்கத்துத் தொழிலாளிகள், 9 பேர். நம் வீட்டுக்கு வரப்போகும் கரண்டுக்கான வேலை அது. இவற்றைச் சொல்லிவிட்டு விளக்கம் கொடுக்காமல் சும்மா இருக்கத் தெரிய வேண்டும்.

மூன்று வாரம் கழித்து அதே வீட்டுக்கு ஒரு தடவை போங்கள். மார்க்கைக் கேட்பதோடு, ஆளைக் குறிப்பிடும் சொல்லையும் கவனியுங்கள். ‘அவனுங்க’ என்பது ‘அந்த ஒடிசா பையன்’ ஆகியிருந்தால் நோட்டில் தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.

பேச்சு ஒரு பக்கம் இருக்க, சேர்ந்து செய்யும் காரியம் ஒன்று வேண்டும். மேட் லோ என்ற பொருளாதார அறிஞர் உத்தரப் பிரதேசத்தில் 1,261 இளைஞர்களை வைத்துக் கிரிக்கெட் போட்டி நடத்தி 2021-ல் எழுதியது நமக்கு நேராகப் பயன்படும். வேறு சாதிக்காரரோடு ஒரே அணியில் ஆடியவர்களுக்கு நட்பு கூடியது; எதிரணியில் அவர்களைச் சந்தித்தவர்களுக்கு அது குறைந்தது. ‘தமிழ்நாடு லெவன் – பீகார் லெவன்’ என்று நல்ல மனதோடு மேட்ச் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வடசென்னைக்குக் கிரிக்கெட்டைவிடத் தோதானது கேரம். சேரியன் நகர்ப் பெண் காசிமா 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த ஊர் இது, கிளப் இல்லாத பேட்டை கிடையாது. டபுள்ஸ் வையுங்கள். கூட்டாளி எதிரே உட்காருவார், அதனால் ஆட்டம் முழுக்க முகம் பார்த்துத்தான் ஆக வேண்டும். ‘ரெட்’, ‘கட்’, ‘ஃபாலோ’ என்று நாலு சொல் தெரிந்தால் மொழியே தேவையில்லை. மற்றபடி நம் பேச்சிலும் அவர்களுக்குப் பிடிபடும் சொற்கள் ஏற்கெனவே கிடக்கின்றன: ஜல்தி, நாஷ்டா, உஷார், பேஜார். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு உள்ளூர்க்காரர், ஒரு வெளியூர்க்காரர். ஜோடியை மாற்றாமல் ஆறு ஞாயிறு. வெளியூர் ஆள் நன்றாக ஆடுகிறவராகவும் உள்ளூர் ஆள் சுமாராகவும் இருக்கும்படி சேர்த்தால் திட்டு குறையும், மரியாதை கூடும். தலைகீழாகச் சேர்த்தால் முதல் வாரமே “இவன் வேணாம்ணே” என்று வந்து நிற்பார்கள்.

ஐந்து மணிக்கு முன் ஆரம்பிக்க வேண்டாம், ஞாயிறும் அரை நாள் வேலை இருக்கும். ஓவர்டைம் வந்தால் ஆள் வராது. அதற்காக ஜோடியை ஆட்டத்தில் இருந்து நீக்காமல், மறுவாரம் இரண்டு ஆட்டம் ஆட விடுங்கள். பணப் பந்தயம் தலைகாட்டினால் அன்றே நிறுத்திவிடுங்கள், பரிசு பிரியாணியாகவே இருக்கட்டும். பவுடரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். காசிமேட்டுப் பக்கம் கடல் காற்றில் போர்டு ஈரம் இழுக்கும், காயின் ஒட்டிக்கொள்ளும். ஒரு டப்பா கூடுதலாக வாங்கி போர்டுக்குக் கீழே வைத்துவிடுங்கள்.